கரட்டில் தேளும் பல்லியும்: நடைக்கு முன் சில கேள்விகள்

அடுத்த ஞாயிறு மாலை நம் குழு சேர்வராயன் மலை அடிவாரத்தில் நடக்கப்போகிறது. இடம் காப்புக்காடு இல்லை. உறுப்பினர் ஒருவரின் பட்டா நிலமும் அதற்குள்ளேயே நிற்கும் சிறு கரடும், அதாவது பாறைக் குன்றும். தேள், பல்லி, ஓணான் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பாதிப் பேர் பாம்பைக் கேட்டிருக்கிறீர்கள். அவற்றை ஒதுக்கிவிட்டேன். மற்றவற்றுக்கு முன்னால் கேட்டவரின் ஊர், கீழே என் பதில்.

அஸ்தம்பட்டி: ஐயா, இதுவரை நான் தேளை வீட்டுக் குளியலறையில்தான் பார்த்திருக்கிறேன். கரட்டில் எங்கே தேடுவது?

மண்ணையும் கல்லையும் பாருங்கள். வரப்பு, ஓடைக்கரை, பாறையடி மண் இவற்றில் பிறை வடிவில் ஒரு துளை இருந்தால் அது பெரும்பாலும் தேள் வளை. படுத்த உடம்பும் இரு பக்கமும் நீண்ட இடுக்கிகளும் நுழைவதற்கு ஏற்ற வடிவம் அது. துளை வட்டமாக, உதட்டில் பட்டு நூல் படிந்திருந்தால் உள்ளே இருப்பது சிலந்தி. வாசலில் புது மண் சிதறியிருந்தால் யாரோ குடியிருக்கிறார்கள். குச்சியை விட்டுக் குடையாதீர்கள். இருட்டியபின் அவர்களே வாசலுக்கு வந்து நிற்பார்கள்.

இப்படி வளை தோண்டுவது பெரிய கருந்தேள், அதாவது நட்டுவாக்காலி. செந்தேள் அவ்வளவு பாடுபடாது. கல்லடி, மரப்பட்டை இடுக்கு, செங்கல் அடுக்கு, கூரை ஓலை என்று கிடைத்த இடுக்கில் ஒண்டிக்கொள்ளும். உங்கள் குளியலறைக்கு வந்ததும் அதுவாக இருக்கலாம்.

கல்லைப் புரட்டுவதற்கு ஒரே ஒருவர்தான். அன்று அது நான். கல்லின் எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து நம்மை நோக்கிச் சாய்க்க வேண்டும். அப்போது திறப்பு அந்தப் பக்கம் இருக்கும், கல் நமக்குக் கேடயமாக நிற்கும். பார்த்து முடித்ததும் உயிரை ஓரமாக நகரவிட்டு, கல்லை இருந்த தடத்திலேயே பழையபடி வைக்க வேண்டும். கல்லுக்கு அடியில் உள்ள ஈரம் உருவாக மாதங்கள் ஆகும், வெயிலில் அரை நாளில் போய்விடும். நாற்பது பேர் வந்து ஆளுக்கொரு கல்லைப் புரட்டிப்போட்டுவிட்டுப் போன கரட்டில் அடுத்த பருவத்தில் எறும்புகூட இருக்காது.

ஃபேர்லேண்ட்ஸ்: புற ஊதா டார்ச் வாங்க வேண்டுமா? எது நல்லது?

அலைநீளம் 365 நானோமீட்டர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 395 மலிவு, தேளைக் காட்டத்தான் செய்யும், ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சமும் கூடவே கொட்டுவதால் பளிச்சென்று தெரியாது. தேளின் மேலோட்டில் உள்ள சில வேதிப்பொருள்கள் புற ஊதாக் கதிரை வாங்கிப் பச்சை கலந்த நீலமாகத் திருப்பி அனுப்புகின்றன. செத்த தேளும் ஒளிரும், ஆண்டுக்கணக்காகச் சாராயத்தில் ஊறிய தேளும் ஒளிரும். புதிதாகச் சட்டை உரித்த தேள் மட்டும் ஒளிராது, ஓடு இறுக இறுகத்தான் ஒளி ஏறும். ஆகவே டார்ச்சில் தெரியவில்லை என்பதற்காக அங்கே தேள் இல்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

சோப்புத்தூள் போட்டுத் துவைத்த வெள்ளைச் சட்டை, பிளாஸ்டிக் துண்டு, சில பாசிகள் எல்லாமும் மின்னும். ஒளிர்வதால் தேளுக்கு என்ன பயன் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. பௌர்ணமியை ஒட்டிய நாள்களைத் தவிர்த்துத்தான் இந்த ஞாயிறைத் தேர்ந்தெடுத்தோம். நிலா வெளிச்சத்தில் பல வகைத் தேள்கள் வெளியே அலைவதைக் குறைத்துக்கொள்கின்றன.

டார்ச்சைக் கண்ணுக்கு நேரே காட்டாதீர்கள். தேள் மீதும் பார்க்கும் நேரத்துக்கு மேல் அடித்துக்கொண்டிருக்காதீர்கள். நடப்பதற்குச் சாதாரண டார்ச் தனியாக வேண்டும். ஊதா வெளிச்சத்தில் விரியன் ஒளிராது.

சூரமங்கலம்: எந்த டார்ச் வாங்கலாம் சார்?

மேலே பாருங்கள்.

ஏற்காடு: எஸ்டேட் பங்களாச் சுவரிலும் பாறையிலும் பகலிலேயே சின்னச் சின்னப் பல்லிகள் ஓடுகின்றன. வீட்டுப் பல்லியின் குட்டிகளா?

இந்தக் கேள்விக்காகவே இத்தனை நேரம் காத்திருந்தேன். குட்டிகள் இல்லை; வளர்ந்தாலும் அவ்வளவுதான். பகல் பல்லிகள் என்று சொல்லலாம், நெமாஸ்பிஸ் பேரினம். தொட வேண்டாம், கண்ணைப் பாருங்கள். வீட்டுப் பல்லிக்கு வெளிச்சத்தில் கண்மணி செங்குத்துக் கோடாகச் சுருங்கும். இதற்கு வட்டமான கண்மணி. வீட்டுப் பல்லியின் விரலடியில் அகன்ற ஒட்டுப்பட்டைகள் இருக்கும். இதன் விரல்கள் மெலிந்து, நடுவில் மடிந்து, நகத்தோடு முடியும்.

இவற்றை நான் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறேன் என்றால், உங்கள் மலையின் பெயரையே சுமந்துகொண்டு திரிகின்றன. 2000இல் ஆய்வாளர்கள் தாஸும் பாவரும் ஏற்காட்டிலிருந்து ஓர் இனத்தை விவரித்து நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ் என்று பெயரிட்டார்கள். 2019இல் இதே மலைத்தொகுதியிலிருந்து இன்னும் இரண்டு வந்தன: ஷேவராயென்சிஸ், தாக்கரேயி. அதே ஆண்டு சங்ககிரியிலிருந்து அகர்வாலி. ஒவ்வொரு மலையும் சமவெளியால் துண்டுபட்டுத் தனித்து நிற்கிறது. பாறையை விட்டு இறங்காத குட்டிப் பல்லிக்கு அடுத்த மலை அடுத்த கண்டத்துக்குச் சமம். தலைமுறை தலைமுறையாகக் கலக்காமல் இருந்து தனி இனங்களாகிவிட்டன. சுற்றுலா வருபவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்து படகு ஏறிவிட்டுப் போகிறார்கள். உலகில் மிகச் சிறிய எல்லைக்குள் வாழும் ஓர் உயிர் அவர்கள் தேநீர் குடித்த திண்ணைக்குப் பின்னால் ஓடியிருக்கும்.

உங்கள் சுவரில் இருப்பது எந்த இனம் என்று படத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். தொடையிலும் கழிவாய்க்கு முன்னாலும் உள்ள சுரப்பித் துளைகள், முதுகுச் செதில்களின் அமைப்பு இவற்றைப் பார்க்க வேண்டும். இடம், பாறையா மரமா, எந்த நேரம் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். சுவருக்கு வெள்ளையடிக்கும் திட்டம் இருந்தால் கல் இடுக்குகளை மட்டும் பூசாமல் விடச் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: கருந்தேள், செந்தேள், எது ஆபத்து?

செந்தேள். நிறத்தைவிட உடலமைப்பைப் பாருங்கள்: இடுக்கி மெலிந்து வால் தடித்திருந்தால் விலகி நில்லுங்கள். இடுக்கி நண்டுக்கால் போலப் பருத்து வால் மெலிந்திருந்தால் பயம் குறைவு. இது துல்லியமான சட்டம் இல்லை, ஆனால் நம் பகுதிக்குப் போதும்.

வாழப்பாடி: தப்பாகச் சொல்கிறீர்கள். எங்கள் ஊரில் நட்டுவாக்காலி கொட்டினால்தான் மந்திரிப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவோம். செந்தேள் கொட்டினால் வெங்காயம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போவோம்.

பெரியவரே, ஓடியவர்கள் எல்லோரும் பிழைத்தார்களா? பிழைத்திருப்பார்கள். நட்டுவாக்காலி கொட்டினால் பெரும்பாலும் அந்த இடத்தில் வலி, வீக்கம், சில மணி நேர எரிச்சல். யார் மந்திரித்தாலும் குறையும், மந்திரிக்காவிட்டாலும் குறையும். அவருடைய புகழுக்குக் காரணம் அவர் தேர்ந்தெடுத்த தேள்.

ஓமலூர்: அவ்வளவு பெரிய தேளுக்கு விஷம் மட்டும் எப்படிக் குறைவாக இருக்கும்?

அதற்கு விஷம் அவ்வளவு தேவைப்படவில்லை. பூச்சியைப் பிடித்து நசுக்க இடுக்கி இருக்கிறது. கொடுக்கு இரண்டாம் ஆயுதம். செந்தேளின் இடுக்கி பிடிக்கத்தான் உதவும், அடக்குவதற்குக் கொடுக்கையே நம்பியிருக்கிறது. அதனால் விஷம் நரம்பைத் தாக்கும் வகையில் கூர்மையாகிவிட்டது.

வாழப்பாடி: புத்தகம் படித்துச் சொல்கிறீர்கள். நான் வயலில் வேலை செய்தவன்.

வயலில் வேலை செய்தவர் சொல்வதை நான் தள்ளவில்லை. செந்தேள் கொட்டிய வளர்ந்த ஆள் பலர் வலியோடு தப்பிவிடுவார்கள் என்பதும் உண்மை. நான் அஞ்சுவது குழந்தைகளுக்காக.

மேட்டூர்: நான் ஓய்வுபெற்ற செவிலியர். குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். செந்தேள் கொட்டிய குழந்தைகள் உடம்பெல்லாம் வியர்த்து நனைந்து, கை கால் சில்லிட்டு, வாந்தியோடு வருவார்கள். கொட்டிய இடத்தில் வீக்கமே இருக்காது. "வீங்கவில்லையே, ஒன்றுமில்லை" என்று வீட்டில் வைத்திருந்து தாமதமாக வந்தவர்களைத்தான் காப்பாற்றக் கஷ்டப்பட்டோம்.

அம்மா, நான் ஒரு பக்கம் எழுதியிருப்பதைவிட உங்கள் நாலு வரி மேல். மற்றவர்களுக்கு: இந்த விஷம் உடலின் தானியங்கி நரம்புகளைத் தாறுமாறாக முடுக்கிவிடும். ரத்த அழுத்தம் எகிறும், இதயம் தளரும், நுரையீரலில் நீர் கோக்கும். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் 1980களில், ரத்த அழுத்தத்துக்கான பிராசோசின் மாத்திரையை இதற்குக் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றிக் காட்டினார். தேளுக்கென்று தனி விஷமுறிவு மருந்தும் இப்போது இருக்கிறது. பாம்பு விஷமுறிவு மருந்து தேளுக்கு உதவாது. இதைப் படித்துவிட்டு யாரும் பிராசோசினை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம்; அளவு தவறினால் அதுவே ஆளைச் சாய்க்கும். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், புளியும் வெங்காயமும் குழம்புக்கு இருக்கட்டும். நேராக அரசு மருத்துவமனை.

வாழப்பாடி: குழந்தைகள் விஷயத்தில் அந்த அம்மா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். நட்டுவாக்காலி விஷயத்தில் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஞாயிறு வாருங்கள். வளை வாசலில் நின்றுகொண்டே சண்டை போடுவோம். தேநீர் என் செலவு.

அம்மாபேட்டை: வலது தோளில் பல்லி விழுந்தால் என்ன பலன்?

பஞ்சாங்கத்தில் இருக்கும்.

ஆத்தூர்: அரணை கடித்தால் மரணம் என்கிறார்களே?

எதுகை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அரணைக்கு விஷம் கிடையாது. மனிதனைக் கொல்லும் விஷமுள்ள பல்லி, ஓணான், அரணை எதுவும் இந்தியாவில் இல்லை. வழுவழுப்பான செதிலும் குட்டைக் காலும் கொண்ட அந்த உடம்பைப் பாம்பு என்று நினைத்து அடிப்பவர்கள்தான் அதிகம்.

ஜாகீர் அம்மாபாளையம்: நல்ல டார்ச் ஒன்று சொல்லுங்களேன்.

365. இனி இந்தக் கேள்விக்கு எண் மட்டும்தான்.

குகை: பாறை மேல் தலை ஆட்டும் சிவப்பு ஓணானும், கீழே மண்ணில் ஓடும் சின்ன ஓணானும் ஒரே இனத்தின் ஆண் பெண்ணா?

இல்லை. மேலே இருப்பது பாறை ஓணானின் ஆண், இனப்பெருக்கக் கால உடையில். நிமிடத்துக்குள் நிறம் மாற்றும். பெண்ணிடம் காட்டுவது ஒரு நிறச் சேர்க்கை, எதிரி ஆணிடம் காட்டுவது வேறு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே நிறத்தை எழுதிவைத்து இனத்தைத் தேடாதீர்கள். அதன் பெண் பழுப்பாக, பாறையோடு பாறையாக, பக்கத்திலேயே இருக்கும்.

கீழே ஓடியது விசிறித் தொண்டை ஓணானாக இருக்கலாம். பின்னங்காலில் நான்கு விரல்கள்தான் இருக்கும். தோட்டத்து ஓணானுக்கு ஐந்து. துரத்தினால் இரண்டு காலில் நிமிர்ந்து ஓடும். துரத்தாதீர்கள். கோடையில் ஆண் ஒரு சிறு கல் மேல் ஏறித் தொண்டையை விரிப்பதை உட்கார்ந்து பார்க்கலாம்.

அழகாபுரம்: என் மகன் அரிசோனாவில் இருக்கிறான். அங்கே பாலைவனத்தில் குழுவாக நடக்கப் போகிறானாம். இதே விதிகள் அங்கேயும் பொருந்துமா?

இடுக்கியையும் வாலையும் பார்ப்பது அங்கேயும் பொருந்தும். அங்கே அஞ்ச வேண்டியது மரப்பட்டைத் தேள் எனப்படும் மெலிந்த மஞ்சள் நிறத் தேள். அது ஏறும், கல்லின் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கும். கல்லைக் கையால் தூக்கினால் விரல் நேரே அதன் மேல் படும். காலணியை உதறிப் போடச் சொல்லுங்கள். அதற்கான விஷமுறிவு மருந்துக்கு அமெரிக்க அரசு 2011இல் ஒப்புதல் கொடுத்தது.

அங்கே விஷப் பல்லியும் உண்டு: ஹீலா மான்ஸ்டர். கருப்பும் இளஞ்சிவப்பும் மணிகோத்தது போன்ற தோல், தடித்த வால், மந்த நடை. கையை நீட்டாதவரை ஒன்றும் செய்யாது. அதன் உமிழ்நீரில் கிடைத்த ஒரு பொருளை ஒட்டித்தான் எக்செனடைட் என்ற சர்க்கரை நோய் மருந்து பிறந்தது. 2005இல் சந்தைக்கு வந்தது. அரிசோனாச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. மகன் படம் எடுத்தால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

தாரமங்கலம்: உடும்பு எண்ணெய், சாண்டா எண்ணெய் மூட்டுவலிக்கு நல்லதா?

இல்லை. உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் அதே அட்டவணைதான். சாண்டா என்பது தார் பாலைவனத்தில் இலை தின்று வாழும் முள்வால் ஓணான். அதன் கொழுப்பை உருக்கி ஏமாற்றுகிறார்கள். மூட்டுவலிக்கு மருத்துவரைப் பாருங்கள்.

கொண்டலாம்பட்டி: காப்புக்காட்டுக்குள் இரவில் போனால் இன்னும் நிறையத் தெரியுமே?

வழக்கும் தெரியும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இறந்த பிறகு மலையேற்றத்துக்கென்று அதே ஆண்டு விதிகள் வந்துவிட்டன. வனத்துறை அனுமதி இல்லாமல் என்னோடு யாரும் வர வேண்டாம்.

சங்ககிரி: குழந்தைகளை அழைத்து வரலாமா? மழை பெய்தால்?

ஏழாம் வகுப்புக்கு மேல் என்றால் வரட்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர். கணுக்காலை மூடும் காலணி, முழுக்கால் சட்டை. தூறல் என்றால் நடை உண்டு. முதல் மழைக்குப் பிந்தைய இரவு தேளுக்கு நல்லது. இடி மின்னல் என்றால் கரட்டில் ஏறுவதில்லை, அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவைப்போம். மாலை ஐந்தரைக்கு நிலத்தின் வேலிக் கதவருகே. டார்ச் 365.