ஹைப்போவா, ஹைப்பரா: இந்த வாரச் சர்க்கரைக் கடிதங்கள்

ரிப்போர்ட்டில் 160 என்று வந்திருக்கிறது. எனக்குச் சர்க்கரை நோயா? (நெல்லிக்குப்பம்)

வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா? அதை எழுதாமல் எண்ணை மட்டும் அனுப்பினால் நான் என்ன சொல்வது? வெறும் வயிற்றில் என்றால் 126ஐத் தாண்டிவிட்டது, இன்னொரு நாள் பார்த்து உறுதி செய்யுங்கள். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து என்றால் 200ஐ எட்டவில்லை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட் பாருங்கள். எடுத்த நேரத்தை எழுதுங்கள் என்று எத்தனை முறை சொல்வது!

பிரான்சில் இருக்கும் மகனுக்கு வெறும் வயிற்றில் 1.10தானாம். சர்க்கரை இவ்வளவு இறங்குமா? (முத்தியால்பேட்டை)

இறங்கவில்லை. அங்கே லிட்டருக்கு இத்தனை கிராம் என்று போடுவார்கள், நாம் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று போடுகிறோம், அதனால் நூறால் பெருக்கினால் நம்முடைய 110. நாம் பார்டர் சுகர் என்கிறோமே, அதுதான்.

பார்டர் என்றால் எவ்வளவு? (வில்லியனூர்)

வெறும் வயிற்றில் 100 முதல் 125, ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4.

அம்மாவுக்கு ஹைப்போகிளைசீமியா என்று டிஸ்சார்ஜ் தாளில் இருந்ததால் இனிப்பை அடியோடு நிறுத்திவிட்டோம், சாப்பாட்டையும் குறைத்துவிட்டோம். சரிதானே? (திருப்பாதிரிப்புலியூர்)

ஐயோ, தலைகீழாகச் செய்கிறீர்கள். ஹைப்பர் என்றால் அதிகம், ஹைப்போ என்றால் குறைவு, அதாவது 70க்குக் கீழே. 54க்கும் கீழே போனால் மூளையே தடுமாறும். ஆனால் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தாளில் 'சர்க்கரை இறங்கிவிட்டது' என்று தமிழில் ஒரு வரி எழுத அரை நிமிடம் ஆகுமா? எழுத மாட்டேன் என்கிறார்களே, வருஷக்கணக்காக இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் என்று எது வந்தாலும், வயதானவர்தானே, தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடாதீர்கள். 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுங்கள், ஏறியதும் இரண்டு இட்லி. சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பால் மெதுவாகத்தான் ஏறும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கிருத்திகை விரதம் என்று பட்டினி இருந்துவிட்டு மருந்தை மட்டும் வழக்கம்போலப் போட்டால் இதுதான் நடக்கும். தெளிந்த பிறகும் மறுபடி இறங்கலாம், அதனால் டாக்டரிடம் அளவைக் கேட்டுவிடுங்கள்.

ஹெச்பிஏ1சி 6 வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா? (அரியாங்குப்பம்)

நீங்களாக நிறுத்தாதீர்கள், மாத்திரை போட்டுத்தானே 6 வந்திருக்கிறது. அது சுமார் மூன்று மாதச் சராசரி, ரத்தச்சோகை இருந்தால் அந்த எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. ஹீமோகுளோபின் எவ்வளவு என்று நீங்களும் எழுதவில்லை.