கதை முடிகிற இடத்தில்தான் ஆபத்து

(கொழும்பில் மனநல விடுதிகளில் நீண்ட காலம் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: அக்கா, நான் சிறுகதை எழுதுகிறேன். காதலில் தோற்ற ஒருவன் குடுவுக்கு (ஹெரோயினுக்கு) அடிமையாகி, கடைசியில் அம்மாவின் கண்ணீரைக் கண்டு திருந்துகிறான். வாசித்த நண்பன் "இது சினிமா" என்று சொல்லிவிட்டான். கதையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எங்கே பிழை?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, கதையை இரண்டு தரம் வாசித்தேன். உங்களுக்கு எழுத வருகிறது, அதனால்தான் விரிவாகச் சொல்கிறேன்.

சரத்சந்திரரின் 'தேவதாஸ்' 1917இல் வந்தது. அன்று தொடங்கி நம் கதைகளில் காதல் தோற்றவன் கையில் போதை இருந்தே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. விடுதியில் நான் கண்ட பொடியன்களில் அதிகம்பேருக்கு அப்படி ஒரு சோகமே இருக்கவில்லை. ரியூசன் முடிந்து கிறவுண்டுக்குப் பின்னால் நின்றபோது தெரிந்த ஒருவன் நீட்டினான், வாங்கினார்கள். அவ்வளவுதான். உங்கள் நாயகன் ஊசி வேறு குத்துகிறான். இங்கே ஹெரோயின் பாவிக்கிறவர்கள் பெரும்பாலும் ஈயத்தாளில் சூடாக்கிப் புகையை இழுக்கிறவர்கள். ஊசி நீங்கள் பார்த்த வெளிநாட்டுப் படத்திலிருந்து வந்திருக்கும்.

அப்புறம் அந்தப் பூட்டிய அறைக் காட்சி. இரவெல்லாம் கத்திப் புரண்டு, விடிந்ததும் புது மனிதனாக எழும்புகிறான். உண்மையில் கடைசியாக இழுத்து 6 முதல் 12 மணித்தியாலத்துக்குள் மூக்கு ஒழுகத் தொடங்கும். கொட்டாவி மேல் கொட்டாவி வரும். மயிர் கூச்செறியும், வயிற்றால் போகும், காலுக்குள் எலும்பு குடையும். இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். ஒரு கிழமையில் பெரும்பாலும் அடங்கிவிடும். கஷ்டம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. நித்திரை வராது, எதிலும் சந்தோஷம் இருக்காது, வாசலுக்கு வந்தால் அதே சந்தி, அதே ஆட்டோ ஸ்டாண்ட், அதே கூட்டாளிமார். அந்த மாதங்களை எழுதுவதற்குக் கதாசிரியர்களுக்குப் பொறுமை இருப்பதில்லை.

அம்மாவின் கண்ணீருக்கு வருகிறேன். நான் கண்ட எல்லாப் பொடியன்களின் அம்மாமாரும் அழுதவர்கள்தான். பொடியன்களும் கூடவே அழுதார்கள், அது நடிப்பில்லை. அடுத்த கிழமை அந்தக் குற்ற உணர்ச்சியைத் தாங்க முடியாமலே மறுபடி இழுத்தவர்கள் இருக்கிறார்கள். கண்ணீரால் திருத்தலாம் என்று கதைகள் சொல்லிச் சொல்லி, திருந்தாத பிள்ளையின் தாய் "என் பாசம் போதவில்லையோ" என்று தன்னையே வதைத்துக்கொள்கிறாள். எனக்கு அதில்தான் கோபம்.

அந்த வீட்டை எழுதுங்கள் தம்பி. முதலில் காணாமல் போவது போன் சார்ஜர். பிறகு காஸ் சிலிண்டர். பிறகு தங்கச்சியின் தோடு. குளிக்கப் போகும்போதும் கைப்பையைக் கூடவே கொண்டுபோகிற ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். அவளுக்கு அண்ணாவில் உயிர். அவளை வைத்துத் தொடங்கிப் பாருங்கள்.

கேள்வி: படங்களில் போதைவஸ்து விற்கிறவன் பங்களா, கார் என்று ராஜா மாதிரி வருகிறான். என் வகுப்புப் பொடியன்கள் அவனைப் போல நடந்து காட்டுகிறார்கள். இப்படிப்பட்ட படங்களைத் தடைசெய்ய வேண்டாமா?
– ஆசிரியை, பம்பலப்பிட்டி

பதில்: தடைசெய்தால் போனில் பார்ப்பார்கள், ரீச்சர். அதைவிடப் படம் காட்டாத பாதியை வகுப்பில் சொல்லுங்கள். இலங்கைச் சட்டத்தில் ஹெரோயின் 2 கிராம் அல்லது அதற்கு மேல் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. 2022இல் வந்த திருத்தத்தால் ஐஸ் என்கிற மெத்தம்பெற்றமின் போதைக்கும் அதே தண்டனை, அளவு 5 கிராம். ஒரு தேக்கரண்டி சீனி அவ்வளவு வரும். 1976க்குப் பிறகு இங்கே யாரையும் தூக்கிலிடவில்லை என்பது உண்மைதான், ஆனால் ஆயுள் என்றால் ஆயுள். முதலில் பிடிபடுவதும் பங்களாக்காரன் இல்லை. தன் பாவனைக்குக் காசில்லாமல் அவனுடைய பொட்டலத்தைச் சுமக்கிற பொடியன்தான். புதுக்கடை நீதிமன்றப் பக்கம் ஒரு காலையில் போய்ப் பாருங்கள், சோற்றுப் பார்சலோடு எத்தனை அம்மாமார் நிற்கிறார்கள் என்று.

கேள்வி: என் மகன் புனர்வாழ்வு நிலையத்திலிருந்து போன மாதம் வந்தான். தொடர்நாடகத்தில் வருவதுபோல இனி எல்லாம் சரி என்று நம்பி, கோயிலில் அர்ச்சனையும் செய்தேன். நேற்று அவன் சட்டைப்பையில் கருகின ஈயத்தாள் கிடந்தது. பட்டதெல்லாம் வீணா?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: வீணில்லை, அம்மா. சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி பாவிக்கிறார்கள் என்பது அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் பாவனை ஆய்வு நிறுவனம் தரும் கணக்கு. பிரஷர், ஆஸ்துமா நோயாளிகளும் இதேபோல் மருந்தை விட்டுத் திரும்ப நோயில் விழுகிறார்கள். அவர்களை யாரும் துரோகி என்று சொல்வதில்லை. மகன் இத்தனை நாள் இல்லாமல் இருந்தது உண்மை. அது எங்கேயும் போய்விடாது.

ஆனால் ஒரு விஷயத்தை இன்றைக்கே அவனிடம் கதைக்க வேண்டும். நிறுத்தியிருந்த காலத்தில் உடம்பு அந்தச் சாமானைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடுகிறது. முந்தி இழுத்த அளவை இப்போது எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். வீடு திரும்பிய முதல் கிழமைகளில் இப்படிப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். தொடர்நாடகம் 'சுபம்' போடுவதும் அதே கிழமைகளில்தான். ஆகவே ஏச்சு வேண்டாம், சத்தியம் வாங்கவும் வேண்டாம். "ஈயத்தாளைக் கண்டேன், உன் உயிருக்குப் பயமாக இருக்கிறது" என்று நேராகச் சொல்லுங்கள். அறையில் வைத்துப் பூட்டாதீர்கள். தனியே கிடந்தால் யாருக்கும் தெரியவராது.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு நீங்களும் எடுக்கலாம், அவனும் எடுக்கலாம். என்றைக்காவது தட்டியும் எழும்பாமல், மூச்சு மெதுவாகி, தொண்டைக்குள் கரகரத்து, உதடு நீலமானால், வாயில் தண்ணியோ கோப்பியோ ஊற்றவேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம். வருகிறவர்களிடம் என்ன எடுத்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாலும் பரவாயில்லை.