இரட்டைத் தொகையிடல்: எல்லைகளும் ஒருங்குதலும்

கேள்வி: சைன் ஒய்யை ஒய்யால் வகுத்த சார்பை, ஒய்க்கு எக்ஸ் முதல் பை வரையிலும் எக்ஸுக்கு 0 முதல் பை வரையிலும் தொகையிட வேண்டும். முதல் படியையே தாண்ட முடியவில்லை. (பி.எஸ்சி. மாணவி, பென்னாகரம்)

பதில்: அந்தச் சார்பின் தொகையீட்டை நமக்குப் பழக்கமான சார்புகளைக் கொண்டு எழுதவே இயலாது என்பதால், அங்கே தடைபடுவது இயல்பு. பகுதியைத் தாளில் வரையுங்கள். (0, 0), (0, பை), (பை, பை) ஆகிய முனைகளைக் கொண்ட முக்கோணம் கிடைக்கும். அதைக் கிடைக்கீற்றுகளாகப் பிரித்தால், ஒவ்வொரு ஒய்க்கும் எக்ஸ் 0 முதல் ஒய் வரை செல்கிறது. எனவே உள்தொகையிடலில் கிடைக்கும் ஒய், சார்பை வகுக்கும் ஒய்யோடு நீங்கி, சைன் ஒய் மட்டும் எஞ்சுகிறது. விடை 2. படம் வரையாமல் எல்லைகளை இடம் மாற்றி எழுதினால் வெளித்தொகையிடலின் எல்லையில் மாறி வந்துவிடும். அங்கே எப்போதும் மாறிலிகளே இருக்க வேண்டும்.

கேள்வி: பகுதியை எப்போது இரண்டாகப் பிரிக்க வேண்டும்? (போச்சம்பள்ளி வாசகர்)

பதில்: கீற்று நுழையும் கோடோ வெளியேறும் கோடோ நடுவில் மாறினால் பிரிக்க வேண்டும். எக்ஸ் = ஒய் வர்க்கம் என்ற பரவளையத்துக்கும் ஒய் = எக்ஸ் − 2 என்ற கோட்டுக்கும் இடைப்பட்ட பரப்பைச் செங்குத்துக் கீற்றுகளால் கண்டால், எக்ஸ் = 1 என்ற இடத்தில் கீழ் எல்லை மாறுவதால் இரண்டு தொகையீடுகள் தேவை. கிடைக்கீற்றுகளுக்கு ஒன்றே போதும்: எக்ஸ், ஒய் வர்க்கத்திலிருந்து ஒய் + 2 வரை, ஒய், −1 முதல் 2 வரை, பரப்பு 9/2.

கேள்வி: எக்ஸ் வர்க்கத்திலிருந்து ஒய் வர்க்கத்தைக் கழித்து, அவ்வர்க்கங்களின் கூடுதலின் வர்க்கத்தால் வகுத்த சார்பை, பக்கம் 1 கொண்ட சதுரத்தில் தொகையிட்டேன். வரிசையை மாற்றினால் விடையும் மாறுகிறது. எது சரி? (ஆசிரியர் தேர்வுக்குப் படிப்பவர், ஓசூர்)

பதில்: உங்கள் இரண்டு கணக்குகளும் சரியானவையே. ஒய்யை முதலில் தொகையிட்டால் பை/4, எக்ஸை முதலில் தொகையிட்டால் −பை/4 வரும். ஆதியைச் சுற்றி ஒரு கால்வட்டத்தை நீக்கித் தொகையிட்டு, அதன் ஆரத்தைச் சுருக்கிக்கொண்டே போனாலோ, எக்ஸையும் ஒய்யையும் இடம் மாற்றும்போது சார்பின் குறி மாறுவதால் 0 வரும். ஒரே சார்பு, ஒரே சதுரம், மூன்று விடைகள்! துருவ ஆயங்களில் (புள்ளியை ஆரத்தாலும் தீட்டா என்ற கோணத்தாலும் குறிக்கும் முறையில்) இச்சார்பு கோசைன் 2 தீட்டாவை ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்ததற்குச் சமம். பரப்புக்கூறு தரும் ஆரத்தால் பெருக்கினால் ஆரத்தின் தலைகீழ் எஞ்சும். மட்டு மதிப்பை எடுத்தால் அதன் தொகையீடு ஆதியருகே மடக்கைபோல் எல்லையின்றி விரிகிறது. மட்டு மதிப்பின் தொகையீடு முடிவுறுவதாக இருந்தால் மட்டுமே வரிசையைத் தயங்காமல் மாற்றலாம் என்பது இத்தாலியக் கணிதவியலாளர்களான ஃபுபினி 1907-லும் டொனெல்லி 1909-லும் தந்த தேற்றங்களின் பயன். தேர்வுகளில் மாணவர்கள் அடிக்கடி விட்டுவிடும் இந்தச் சோதனையை, வரிசையை மாற்றுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு தொகையீடு ஒருங்குமா, அதாவது முடிவுள்ள மதிப்பைத் தருமா என்பதை விரைவாக அறிய வழி உண்டா? (அரூர் மாணவர்)

பதில்: சார்பு ஆதியருகே ஆரத்தின் பி-ஆம் அடுக்கின் தலைகீழைப் போல நடந்துகொண்டால், தளத்தில் பி 2-க்குக் குறைவாகவும், முப்பரிமாண வெளியில் 3-க்குக் குறைவாகவும் இருக்கும்போது மட்டுமே தொகையீடு ஒருங்கும். முடிவிலியை நோக்கிச் செல்லும்போது நிபந்தனை தலைகீழாகும்: பி முறையே 2-ஐயும் 3-ஐயும் விட அதிகமாக இருக்க வேண்டும்.