எட்டு வருடம் வேலை செய்தும் லே-ஆஃப் பட்டியலில் என் பெயர் ஏன்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஓர் அரசுப் பள்ளி மாவட்டத்தில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) எட்டு வருடமாக வேலையில் இருக்கிறேன். முதல் இரண்டு வருடம் சப்ஸ்டிட்யூட் (விடுப்பில் போனவருக்குப் பதில் வேலை செய்பவர்), அடுத்த மூன்று வருடம் உணவுக்கூடம், கடந்த மூன்று வருடமாக வகுப்பறை உதவியாளர், தினம் 6 மணி நேரம். மார்ச் இரண்டாம் வாரம் லே-ஆஃப் நோட்டீஸ் வந்துவிட்டது. நான்கு வருடத்துக்கு முன்புதான் உதவியாளராகச் சேர்ந்து, தினம் 3 மணி நேரம் மட்டும் வேலை செய்பவருக்கு வரவில்லை. இது என்ன நியாயம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மாவட்டத்தில் மொத்தம் எத்தனை வருடம் இருந்தீர்கள் என்று சட்டம் கேட்பதில்லை. கலிஃபோர்னியா கல்விச் சட்டத்தின் 45308-ஆம் பிரிவுப்படி, குறைக்கப்படும் பணிவகையிலும் (உங்களுக்கு வகுப்பறை உதவியாளர்) அதைவிட உயர்ந்த பணிவகைகளிலும் செய்த சேவைதான் கணக்கு. அதில் குறைந்தவர் முதலில் போவார். சப்ஸ்டிட்யூட் காலம் சேராது. உணவுக்கூடம் கீழ்நிலைப் பணிவகை என்றால் அந்த மூன்று வருடமும் இங்கே உதவாது. ஆக, உதவியாளர் பட்டியலில் உங்களுக்கு மூன்று வருடம், அவருக்கு நான்கு.

ஆனால் இதோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் விஷயத்தில் முக்கியமான கேள்வி, சேவையை எதை வைத்து அளந்தார்கள் என்பது. சட்டத்தின் இயல்பான அளவுகோல், சம்பளம் பெற்ற மணி நேரம். விடுமுறைச் சம்பளமும் அதில் சேரும், ஓவர்டைம் சேராது. யூனியன் ஒப்பந்தம் சொன்னால்தான் வேலையில் சேர்ந்த தேதி அளவுகோலாகும். வருடத்துக்கு 180 நாள் என்று தோராயமாகப் போட்டால் உங்களுக்கு 3,240 மணி, அவருக்கு 2,160. மணிக்கணக்கில் நீங்கள்தான் மூத்தவர்! தேதிக் கணக்கில் அவர். யூனியன் பிரதிநிதியிடம் ஒப்பந்தத்தின் லே-ஆஃப் பிரிவையும், எச்.ஆரிடம் உங்கள் பணிவகையின் சீனியாரிட்டி பட்டியலையும் இன்றே கேளுங்கள். கேட்பது மின்னஞ்சலில் இருக்கட்டும். பட்டியலில் சேர்ந்த தேதி, பதவி மாறிய தேதி, மணிக்கணக்கு மூன்றையும் பழைய சம்பளச் சீட்டுகளோடு ஒப்பிடுங்கள். பதவி மாறிய தேதியைத் தப்பாக ஏற்றியிருந்தால் வரிசையே மாறிவிடும்.

அடுத்து கெடு. 2022 முதல், நிரந்தர ஊழியருக்கு மார்ச் 15-க்குள் நோட்டீஸ் தர வேண்டும். அவர் கேட்டால் நிர்வாகச் சட்ட நீதிபதி முன் விசாரணை நடக்கும். விசாரணை கேட்கக் குறைந்தது 7 நாள் அவகாசம் உண்டு, கடைசித் தேதி நோட்டீஸிலேயே இருக்கும். அது தாண்டினால் உரிமை போயிற்று. எச்.ஆரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. யூனியனில் புகார் கொடுத்ததை விசாரணை மனு என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. அது வேறு, இது வேறு. இறுதி முடிவு மே 15-க்குள் வர வேண்டும். உங்கள் பதவி குறிப்பிட்ட காலத்துக்கான சிறப்பு நிதியில் நடந்து, அந்த நிதி முடிந்ததால் போகிறது என்றால் விதி வேறு: 60 நாள் முன்னறிவிப்பு போதும். நோட்டீஸில் எந்தக் காரணம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

விசாரணையில் தோற்றாலும் உணவுக்கூட அனுபவம் வீண் இல்லை. அந்தப் பணிவகைக்குத் திரும்பினால், அங்கே செய்த மூன்று வருடத்தோடு, உயர்ந்த பணிவகை என்பதால் உதவியாளராக இருந்த மூன்று வருடமும் சேர்ந்து ஆறாகும். அங்கே உங்களைவிடக் குறைந்த சேவை உள்ளவரின் இடத்தை எடுத்துக்கொள்ளலாம். இதைத்தான் பம்ப்பிங் என்கிறார்கள். எடுத்தால் சம்பளம் குறையும், மணி நேரம் குறைந்தால் மருத்துவக் காப்பீட்டுத் தகுதியும் போகலாம். அந்த வரம்பைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

கோபத்தில் ராஜினாமா மட்டும் எழுதிக்கொடுக்காதீர்கள். லே-ஆஃப் ஆனவருக்கு 39 மாதம் மறுநியமன முன்னுரிமை உண்டு, புதிய விண்ணப்பதாரர்களுக்கு முன்னால் உங்களை அழைக்க வேண்டும். லே-ஆஃபைத் தவிர்க்கக் கீழ்ப்பதவியோ குறைந்த மணி நேரமோ ஏற்றவருக்கு மேலும் 24 மாதம் வரை நீளும். ராஜினாமா செய்தவருக்கு இது எதுவும் இல்லை. வழக்கமாகப் பள்ளி ஊழியர்களுக்குக் கோடை விடுமுறையில் வேலையின்மை உதவித்தொகை கிடைப்பதில்லை, ஆகஸ்டில் வேலை உறுதி என்பதால். உங்களுக்கு அந்த உறுதி இல்லை, ஆகவே கடைசி வேலை நாள் முடிந்ததும் மாநில வேலைவாய்ப்புத் துறையான இ.டி.டி.யில் விண்ணப்பியுங்கள்.

வீடு மாறினால் எச்.ஆருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மறுநியமனக் கடிதம் பழைய முகவரிக்குப் போய், பதில் வராததால் அடுத்தவரை அழைத்துவிட்டால் பிறகு வாதாடுவது கடினம்.