பழைய சமையலறை, புது இண்டக்ஷன் அடுப்பு: முதலில் லைனைப் பாருங்கள்

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு, தாத்தா 1974இல் கட்டியது. அம்மா அங்கே தனியாக இருக்கிறார். சிலிண்டரைத் தூக்கி மாற்ற அவரால் முடியவில்லை என்பதால் 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அதன் ப்ளக் தடித்த பின் கொண்டது, சமையலறையில் இருப்பதோ மிக்ஸி போடும் சின்ன சாக்கெட். கடையிலேயே ஒரு கன்வெர்ட்டரைக் கொடுத்து, "இதை மாட்டிக்கோங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். பத்து நாள் நன்றாக ஓடியது. இப்போது அந்த போர்டு பக்கம் ஏதோ வாடை வருகிறது என்கிறார் அம்மா. அடுப்பில் கோளாறா, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: இதைப் படித்தவுடன் அம்மாவுக்கு ஃபோன் போடுங்கள். அடுப்பை இனி அந்த சாக்கெட்டில் போட வேண்டாம், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ப்ளக் ஆறின பிறகு அதைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். ஒரு எலக்ட்ரீஷியன் வந்து அந்த போர்டைத் திறந்து பார்க்கும்வரை மிக்ஸிகூட அதில் வேண்டாம். பதிலின் மீதியை அப்புறம் படிக்கலாம்.

அடுப்பில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. கணக்கு இதுதான்: 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்ப். உங்கள் சின்ன சாக்கெட் 5 அல்லது 6 ஆம்ப் தாங்க மட்டும் செய்தது. மூன்று ஆம்ப்தானே கூட என்று தோன்றும், ஆனால் வயரிலும் இணைப்பிலும் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், அதனால் 6 ஆம்புக்கு உண்டாகும் சூட்டைப்போல 8.7 ஆம்புக்கு இரண்டு மடங்குக்கும் மேல் உண்டாகும். அதுவும் மிக்ஸி மாதிரி ஐந்து நிமிடம் இல்லை, சாம்பார் கொதித்து முடிகிறவரை அரை மணி, முக்கால் மணி நேரம் தொடர்ந்து. கன்வெர்ட்டர் தடித்த பின்னைச் சின்ன துளைக்குள் நுழைக்க மட்டும்தான் உதவும். உள்ளே இருக்கும் தகடும் வயரும் பழையதேதான். தடித்த பின் வைத்ததே சின்ன சாக்கெட்டில் இது போகக் கூடாது என்பதற்காக, அந்தத் தடையை எடுத்துவிடுவதற்கு ஒரு சாமான் செய்து விற்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் கோபம் வரவைக்கிற விஷயம்.

அந்த வாடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் அத்தை வீட்டில் ஒரு வாரமாகச் சமையலறையில் மீன் வாடை. மீனே சமைக்காத வீடு அது. பரணில் எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று பாத்திரத்தையெல்லாம் இறக்கித் தேடினார்கள், ஒன்றும் இல்லை. தண்ணீர் சுட வைக்கும் கெட்டிலைப் போடும்போது மட்டும் வாடை கூடுகிறது என்பதைக் கவனித்தது அத்தைதான். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் அந்த சாக்கெட்டைக் கழற்றினார். பின்பக்கம் ஒரு திருகைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி, ஓரம் உப்பி, தொட்டால் பொரியாக உதிர்ந்தது. அதில் மாட்டியிருந்த வயரின் மேலுறை விரல் நீளத்துக்குக் கருத்து விறைத்துப்போய், லேசாக வளைத்ததும் காய்ந்த மரப்பட்டை மாதிரி விட்டுப்போனது. உள்ளே செம்புக் கம்பி பளபளப்பில்லாமல் கரிய நிறத்தில் இருந்தது. திருகு லூஸ், அவ்வளவுதான். சுவிட்ச், சாக்கெட் செய்யும் சில வகை பிளாஸ்டிக் சூடேறினால் மீன் வாடைதான் அடிக்கும். அதனால் சமையலறையில் காரணமில்லாமல் மீன் வாடை வந்தால் முதலில் சுவிட்ச் போர்டைச் சந்தேகப்படுங்கள்.

சரி, சாக்கெட்டை மட்டும் 16 ஆம்ப் பவர் ப்ளக்காக மாற்றினால் போதுமா? போதாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முகப்பில் பெரிய சாக்கெட் வந்துவிடும், பின்னால் வருவது லைட் லைனிலிருந்து லூப் எடுத்த அதே மெல்லிய வயராக இருக்கும். உங்கள் வீட்டு வயதுக்கு அது 1/18 என்று சொல்லும் ஒற்றைக் கம்பி வயராகவோ 3/22 வயராகவோ இருக்கலாம், இரண்டுமே இன்றைய கணக்கில் சுமார் 1.2 சதுர மில்லிமீட்டர்தான். எழுபதுகளில் அலுமினிய வயரும் நிறைய வீடுகளில் போட்டார்கள். அலுமினியம் செம்பைவிடக் குறைவாகத்தான் கரண்ட் கடத்தும், அதோடு திருகுக்குக் கீழே நாளாக ஆக நசுங்கி லூஸாகும், மேலே ஆக்சைடு படியும், அந்த இடம் சூடேறும், இன்னும் லூஸாகும். மரப்பட்டி மேல் கிளிப் அடித்த வயரிங்காக இருந்தால் மேலுறை ரப்பராகவும் இருக்கலாம். அதையெல்லாம் தொட்டு இழுக்காமல் விடுவதே நல்லது.

செய்ய வேண்டியது ஒரே வேலை: மெயின் போர்டிலிருந்து சமையல் மேடை வரைக்கும் அடுப்புக்கென்று தனி லைன். 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலுக்கும் (அது திரும்பிப் போகும் வயர்), கூடவே பச்சை நிற எர்த் வயர், நடுவில் எங்கும் ஜாயின்ட் இல்லாமல். மெயின் போர்டில் அதற்குத் தனி 16 ஆம்ப் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்), மேடையில் 16 ஆம்ப் சுவிட்சும் சாக்கெட்டும். பழைய சுவரைக் காடி வெட்ட மனமில்லையென்றால் பி.வி.சி. கேசிங் பட்டியில் வெளியிலேயே கொண்டுவரலாம், பார்க்க அத்தனை அழகாக இருக்காது, பாதுகாப்பில் குறை ஒன்றும் இல்லை. சாக்கெட்டைப் பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து தள்ளியும், அடுப்புக்கு நேர் மேலே இல்லாமல் பக்கவாட்டிலும் வையுங்கள். நேர் மேலே வைத்தால் ஆவி முழுக்க சாக்கெட்டுக்குள் போகும், வயரும் சூடான பாத்திரத்தின் மேல் தொங்கும்.

வயர் வாங்கும்போது ஒரு கணக்கு. 90 மீட்டர் சுருளாக வரும், உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. மெயின் போர்டிலிருந்து மேடை வரை 15 மீட்டர் என்றால் மூன்று வயருக்கும் சேர்த்து 45, ஏற்ற இறக்கத்துக்குக் கொஞ்சம் கூட. வெட்டிக் கொடுக்கும் கடையில் வாங்கலாம், ஆனால் வயர் மேல் ஐ.எஸ். 694 (இந்த வகை வயருக்கான இந்தியத் தர எண்) என்றும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அளவும் அச்சாகியிருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை, முத்திரை கொடுக்கும் அரசு அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம், இப்போது செல்லுமா என்று காட்டிவிடும்.

கடையைப் பொறுத்தவரை, அடுப்பைத் திருப்பிக் கொடுக்கக் காரணம் இல்லை. கன்வெர்ட்டரைத் திருப்பிக் கொடுங்கள். அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லையென்றால், அல்லது அது தாங்கும் ஆம்ப் அளவு எங்கும் எழுதப்படவில்லை என்றால், ரசீதோடும் ஃபோட்டோவோடும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். ரசீதில் கன்வெர்ட்டரைத் தனியாகப் போடவில்லை என்றால் கடையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு பேச்சுக்கு ஆதாரம் அதுதான்.

இன்னொன்று, யாராவது "பின்னை வெட்டிவிட்டுச் சின்ன ப்ளக் போட்டுத் தருகிறேன்" என்று வந்தால் சம்மதிக்காதீர்கள். அதே ஆபத்து, கூடவே வாரண்டியும் போகலாம்.

கேள்வி: எங்கள் வீட்டு சாக்கெட்டில் மூன்று துளை இருக்கிறது, ஆனால் எர்த் கிடையாது என்று புதிதாக வந்த எலக்ட்ரீஷியன் சொல்கிறார். முன்பு வந்தவர் எர்த் கொடுத்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். யாரை நம்புவது?

பதில்: மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைத் திறக்கச் சொல்லுங்கள், பதில் அங்கேயே இருக்கும். மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் தனியாகப் பச்சை வயரோ, பழைய வீடென்றால் உறையில்லாத கம்பியோ வந்து சேர வேண்டும். அப்படி இல்லாமல், நியூட்ரல் திருகிலிருந்து இரண்டு அங்குலத் துண்டு வயரை எடுத்து எர்த் திருகில் மாட்டியிருந்தால், முன்பு வந்தவர் செய்தது எர்த் இல்லை. பல்பு வைத்துப் பார்த்தால் எரியும், டெஸ்ட்டில் பாஸ் ஆகிவிடும், அதனால்தான் பலருக்குத் தெரியாமலே போகிறது. எங்கேயோ ஒரு இடத்தில் நியூட்ரல் வயர் விட்டுப்போனால் போதும், அடுப்பைப் போட்டதும் ஃபேஸ் அடுப்புக்குள் நுழைந்து, அறுந்த நியூட்ரல் வழியாகத் திரும்ப முடியாமல், அந்தத் துண்டு வயர் வழியாக அடுப்பின் வெளி உலோகத்துக்கே வந்துவிடும். ஈரக் கையோடு தொடுகிறவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

உண்மையான எர்த் என்பது வீட்டுக்கு வெளியே மண்ணுக்குள் இறக்கிய பைப்போ தகடோ ராடோ, அதிலிருந்து அறுபடாமல் மெயின் போர்டுக்கு வரும் கம்பி. பழைய வீடுகளில் உப்பும் கரியும் போட்டுப் புதைத்திருப்பார்கள், முப்பது நாற்பது வருடத்தில் பைப் துருப்பிடித்து, மேலே தெரியும் கம்பிக்கும் மண்ணுக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிருக்கும். புதிதாகப் போடுவது ஒரு நாள் வேலை. ப்ளக்கில் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செருகும்போது அது முதலில் தொட வேண்டும், எடுக்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காகத்தான். அதை உடைத்துவிட்டு இரண்டு பின்னோடு ஓட்டுகிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

எர்த்தோடு ஒரு 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி.யும் போட்டுவிடுங்கள். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றுவது, ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் அது உடனே அணைத்துவிடும். பழைய வீட்டில் மாட்டினால் அடிக்கடி டிரிப் ஆகும், "இது சரிப்படாது, எடுத்துடலாம்" என்பார்கள். பெரும்பாலும் ஒரு லைனின் நியூட்ரலை இன்னொரு லைனோடு கலந்து விட்டிருப்பதோ, ஈரச் சுவரில் கசிவோதான் காரணம். கண்டுபிடிக்க வேண்டியது அதைத்தான். பழைய வயரிங்கைப் பிரிக்க இப்போது வசதி இல்லையென்றால் அடுப்பின் புது லைனுக்கு மட்டுமாவது தனியாகப் போடலாம்.

கேள்வி: ஒரே பவர் லைனில் இண்டக்ஷன் அடுப்பும் ஓ.டி.ஜி. என்னும் மின் ஓவனும் வைத்திருக்கிறோம். சேர்த்துப் போட்டால் 16 ஆம்ப் எம்.சி.பி. அடிக்கடி விழுந்துவிடுகிறது. 32 ஆம்ப் போட்டுவிட்டால் பிரச்சினை தீரும் என்கிறார்கள்.

பதில்: எம்.சி.பி. விழுவது நிற்கும், வயர் எரியும் ஆபத்து ஆரம்பிக்கும். பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டையில் ஃபியூஸ் கம்பிக்குப் பதில் தடிமனான செம்பு இழைகளைச் சுற்றி வைப்பார்களே, அதே வேலைதான் இது. 2000 வாட் அடுப்பும் 2000 வாட் ஓவனும் சேர்ந்தால் பதினேழு ஆம்ப் தாண்டும், எம்.சி.பி. தன் கடமையைச் சரியாகச் செய்கிறது. ஓவனுக்கு இன்னொரு தனி லைன் இழுங்கள், அதுவரை ஒன்று முடிந்த பிறகு இன்னொன்றைப் போடுங்கள். பின்னால் இரட்டை அடுப்பு ஹாப் வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லி வையுங்கள். 3500 வாட் என்றால் 15 ஆம்புக்கு மேல் தொடர்ந்து இழுக்கும், அதற்கு 4 சதுர மி.மீ. வயர் இழுப்பதே சரி.

கேள்வி: சென்னையில் பழைய அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் வயரிங்கில் கை வைக்கக் கூடாது என்கிறார். இண்டக்ஷன் வாங்கி எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டுக்கொள்ளலாமா? ஹாலில் பவர் ப்ளக் இருக்கிறது. பவரைக் குறைத்து வைத்துக்கொண்டால்?

பதில்: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். வீட்டில் கிடக்கும் பாக்ஸ்களில் பெரும்பாலானவை 6 ஆம்புக்குச் செய்தவை, உள்ளே வயர் மெல்லியது. போதாதற்கு ஹாலிலிருந்து சமையலறைக்கு வயர் தரையில் கிடந்தால் கால் தடுக்கும், கொதிக்கிற பாத்திரம் கவிழும்.

பவரைக் குறைப்பதை நம்ப முடியாது. 1200இல் வைத்தால் 5.2 ஆம்ப்தான், உண்மை, ஆனால் அவசரத்தில் யாரோ ஒருவர் 2000ஐத் தட்டிவிடுவார். அதோடு பல அடுப்புகள் குறைந்த பவரில் தொடர்ச்சியாகக் குறைத்து இழுப்பதில்லை, பெரிய பவரில் கொஞ்ச நேரம் ஓடி, நின்று, மறுபடி ஓடிச் சராசரியைக் குறைக்கும். சாக்கெட்டுக்குக் கிடைப்பது பெரிய கரண்ட்தான்.

வேறு இரண்டு வழி இருக்கிறது. அடுப்பின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் உச்ச பவர் 1200 வாட் அல்லது அதற்குக் கீழ் என்று போட்டு, கம்பெனியே சின்ன பின்னோடு தரும் மாடலாக வாங்குங்கள். சோறுக்கு 700 வாட் ரைஸ் குக்கர் போதும், அது மூன்று ஆம்ப்தான். இதையும் போட்ட பிறகு இருபது நிமிடம் கழித்து அணைத்து, ப்ளக்கை எடுத்துப் பின்னைத் தொடாமல் அதன் உடம்பை மட்டும் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை, விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்த சாக்கெட் சரியில்லை.

இல்லையென்றால் ஹாலில் அந்த பவர் ப்ளக்குக்குப் பக்கத்திலேயே, ஆடாத மேசை மேல் அடுப்பை வைத்துச் சமைக்கலாம். அப்படிச் செய்யும்முன் அந்த சாக்கெட் எதற்காகப் போட்டது, பின்னால் என்ன வயர் வருகிறது, இன்வெர்ட்டர் லைனில் சேர்ந்திருக்கிறதா என்று உரிமம் உள்ள ஒரு வயர்மேனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டரில் சேர்ந்திருந்தால் கரண்ட் போகும் நேரத்தில் அடுப்பு அதையும் சேர்த்து இழுத்து நிறுத்திவிடும். பார்த்தவர் சொன்னதை ஒரு தாளில் எழுதி வாங்கி வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். "சாக்கெட் கருகியிருக்கிறது" என்று ஃபோட்டோவோடு எழுத்தில் வந்தால், வாடகைக்காரர் சொன்னபோது அசையாத வீட்டுக்காரர்கள் பலர் அசைந்திருக்கிறார்கள். வீடு எரிந்தால் அது அவருடைய வீடும்தான்.