அம்ப்ளிஃபயரில் 'ம்ம்ம்' இரைச்சல்: பெட்டியிலா, ஸ்பீக்கரிலா?

பவரை நிறுத்தி ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு, பவரை மட்டும் மறுபடி போடுங்கள். பெட்டியே இரைந்தால் அது ட்ரான்ஸ்போமரின் அதிர்வு. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அதன் இரும்பு இருமுறை காந்தமாகி, கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டு சுருங்குகிறது. ஆகவே இரைச்சல் 100 ஹேர்ட்ஸ். ஆணி கழன்ற தகரக் கூரை காற்றுக்கு அதிர்வதுபோல, பிடிப்புத் தளர்ந்தால் சத்தம் கூடும். ப்ளக்கைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு, நடு போல்ட்டை ரப்பர் வாஷருடன் அளவாக முறுக்குங்கள். வளைய வடிவ ட்ரான்ஸ்போமரென்றால், போல்ட்டின் மேல்முனை மூடித் தகட்டில் முட்டவே கூடாது. முட்டினால் அதுவே ஷோர்ட்டான ஒரு கம்பிச் சுற்றுப்போலாகி, ஃபியூஸ் போகும். ஹெயார் ட்ரையரைப் பாதி வேகத்தில் போடும்போது மட்டும் இரைகிறதா? மின்சாரத்தில் டீசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) கலக்கிறது. போல்ட்டில் குறையில்லை.

ஸ்பீக்கரில் கேட்டால் இன்புட் வயர்களைக் கழற்றுங்கள். நின்றால் எர்த் லூப், அதாவது இரண்டு வழியாக எர்த்தாகி உண்டாகும் வளையம். கொழும்பு வெள்ளவத்தை மாடி வீடுகளானாலும் சரி, எங்கானாலும் சரி, டிஷ், கேபிள் டீவி இணைப்பை முதலில் சந்தேகியுங்கள். நிற்காவிட்டால் பெரும்பாலும் மின்சாரத்தைச் சமப்படுத்தும் ஃபில்டர் கெப்பாசிட்டர் கிழடாகியிருக்கும். புறக்கோட்டையில் வாங்கும்போது அதே மைக்ரோஃபரட், வோல்ட் அதே அல்லது கூட.

எர்த் பின்னை வெட்டினால் இரைச்சல் தீரும் என்பார்கள். பெட்டி அதிர்வுக்கும் எர்த்துக்கும் சம்பந்தமில்லை. லூப் நின்றாலும், பழுதொன்று வந்தால் 230 வோல்ட் பெட்டியைத் தொடுபவர் உடலில் பாயும்.