பாசி எடுப்பவர் பெயரில் கோடிக்கணக்கில் வியாபாரமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் நாட்டுப்படகில் மீன்பிடிக்கப் போகிறார். நான் கடலில் பாசி எடுக்கிறேன். என் பான் எண்ணில் வெளிமாநிலத்தில் 1 கோடியே 40 லட்சம் ரூபாய்க்கு வியாபாரம் நடந்ததாம், கணக்குக் காட்டவில்லையாம். வருமான வரி நோட்டீஸ் வந்திருக்கிறது. குழுக் கடன் வாங்கித் தருகிறேன் என்ற ஒருவரிடம் முன்பு ஆதார், பான் ஜெராக்ஸ் கொடுத்தேன். இப்போது என்ன செய்வது?
- ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: நீங்கள் செய்யாத வியாபாரத்துக்கு நீங்கள் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் எழுத்தில் மறுத்தே ஆக வேண்டும். பேசாமல் இருந்தால், கையில் உள்ள தகவலை வைத்தே அதிகாரி வரி போட்டுவிடுவார். பிறகு பாங்குக் கணக்கை முடக்கும்வரை போகும்.

முதலில் நோட்டீஸ் நிஜமானதா என்று பாருங்கள். அதில் டி.ஐ.என். என்று ஓர் ஆவண அடையாள எண் இருக்கும். வருமான வரித் துறை இணையதளத்தில் லாகின் இல்லாமலே அதைச் சரிபார்க்கலாம். அடுத்து உங்கள் பான் எண்ணில் லாகின் செய்யுங்கள். பாஸ்வேர்டு தெரியாவிட்டால் ஆதார் ஓ.டி.பி. மூலம் மாற்றலாம். உள்ளே வேறு யாருடைய செல் நம்பரோ இமெயிலோ இருந்தால், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு உடனே மாற்றிவிடுங்கள். முந்தைய நோட்டீஸ்கள் அந்த இமெயிலுக்கே போயிருக்கும்.

பிறகு, உங்கள் பெயரில் வேறு யாராவது ஜி.எஸ்.டி. பதிவு எடுத்து வியாபாரம் செய்திருக்கிறார்களா என்று பார்க்க, ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். இதற்கும் லாகின் வேண்டாம். உங்கள் பான் எண்ணில் எந்த மாநிலத்தில் பதிவு இருக்கிறது, எந்தத் தேதியில் எடுத்தது, எந்த அதிகாரியின் எல்லை என்பதெல்லாம் தெரியும். அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுங்கள். அதுதான் உங்கள் முக்கியமான ஆதாரம்.

அந்த பிரிண்டோடு ராமநாதபுரம் மாவட்ட சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். போடத் தாமதமானால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்காமல் திரும்பாதீர்கள். அந்த ஜி.எஸ்.டி. அதிகாரிக்கு, ‘என் ஆவணத்தைத் திருடி எடுத்த பதிவு இது, ரத்து செய்யுங்கள்’ என்று ஸ்பீடு போஸ்டில் எழுதுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பதிவின் உரிமையாளராக நீங்களே ரத்துக்கு விண்ணப்பிக்கவோ, அதில் ரிட்டர்ன் போடவோ கூடாது. பதிவு உங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

கடைசியாக, நோட்டீஸில் உள்ள கெடுவுக்குள் இணையதளத்திலேயே பதில் போடுங்கள். போலீஸ் ரசீது, ஜி.எஸ்.டி. அதிகாரிக்கு எழுதிய கடிதம், அந்த ஆண்டின் பாங்க் ஸ்டேட்மென்ட், மீனவர் அடையாள அட்டை எல்லாவற்றையும் சேருங்கள். பச்சை மீனுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, ஆகவே உங்கள் குடும்பத்துக்கு அந்தப் பதிவே தேவைப்படவில்லை என்பதையும் எழுதுங்கள். வருமான வரி இணையதளத்தில் உங்கள் ஆண்டு வரவு செலவுத் தகவலைக் காட்டும் ஏ.ஐ.எஸ். அறிக்கையில் அந்த வியாபாரத்துக்கு எதிரே ‘மறுக்கிறேன்’ என்று குறிப்பதும் அவசியம். ஆனால் அது நோட்டீஸுக்குப் பதிலாகாது. போலீசில் சொன்னது வரி அலுவலகத்துக்குத் தானாகப் போய்ச் சேராது. போலீஸ், ஜி.எஸ்.டி., வருமான வரி என மூன்று இடத்திலும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒருவேளை வரி உத்தரவே வந்துவிட்டிருந்தால் 30 நாளுக்குள் அப்பீல் போட வேண்டும். அதற்கு ஆடிட்டர் துணை தேவை.

கேள்வி: வளைகுடாவில் வேலை பார்க்கிறேன். என் பெயரிலும் இப்படி நடந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: ஏ.ஐ.எஸ்., ஜி.எஸ்.டி. தேடல் இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு அறிக்கை இலவசமாகத் தரும். நீங்கள் வாங்காத கடன் அதில் தெரிந்துவிடும். ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவு) பூட்டி வையுங்கள். மீன்பிடித் தடைக்கால நிவாரணமோ சிம் கார்டோ, எதற்கு ஜெராக்ஸ் கொடுத்தாலும் காரணத்தையும் தேதியையும் அதன் குறுக்கே எழுதச் சொல்லி வீட்டிலும் சொல்லுங்கள். ஆதாரோடு இணைத்த இந்திய நம்பரை மட்டும் ரீசார்ஜ் இல்லாமல் விட்டுவிடாதீர்கள். அது காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போனால், உங்கள் ஓ.டி.பி.யும் அவருக்கே போகும்.